எஸ்டிஎஸ்-83, எஸ்டிஎஸ்-94: ஒரே குழு, ஒரே ஆய்வுக்கூடம், இரண்டு பயணம். விண்ணில் தீ மூட்ட ஆள் வேண்டுமா?

#1 · பொங்கோல்_ஆசிரியை

வணக்கம். தொடக்கக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் நால்வர், நுண்ஈர்ப்பில் (எடையே தெரியாத நிலையில்) தீ எப்படி எரிகிறது என்பதைத் திட்டப்பணியாக எடுத்திருக்கிறார்கள். 1997-இல் கொலம்பியா விண்ணோடம் சுமந்து சென்ற நுண்ஈர்ப்பு அறிவியல் ஆய்வுக்கூடம்தான் மையப்பொருள். ஏப்ரல் 4-ஆம் தேதி எஸ்டிஎஸ்-83 கிளம்பியது (எஸ்டிஎஸ் என்பது நாசா விண்ணோடப் பயணங்களின் எண்). ஏறக்குறைய 16 நாள் இருந்திருக்க வேண்டும். 8-ஆம் தேதியே இறங்கிவிட்டது. அதே எழுவர், அதே கூடத்தோடு, ஜூலை 1-ஆம் தேதி எஸ்டிஎஸ்-94 என்ற எண்ணில் மறுபடி போய் 17-ஆம் தேதி திரும்பினார்கள்.

பிள்ளைகள் கேட்பது மூன்று. ஓடத்தில் மூன்று ஃபூயல் செல் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கலம்). ஒன்று கெட்டதற்கு ஏன் மொத்தப் பயணத்தையும் முறித்தார்கள்? தீயைப் பற்றவைத்துப் படம் பிடிக்க எதற்கு மனிதர்? இதில் எதையாவது பள்ளி மண்டபத்தில் செய்துகாட்ட முடியுமா?

விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் படமும் பாராட்டும்தான்.

#2 · ஜூரோங்மின்

டீச்சர், முதல் கேள்விக்கு நான் வர்றேன்.

ஒரு ஃபூயல் செல் தொடர்ந்து 7 கிலோவாட் கொடுக்கும், கொஞ்ச நேரத்துக்கு 12 வரைக்கும் தாங்கும். மூணும் சேர்ந்து 21. சுற்றுப்பாதையில ஓடத்தோட சொந்தச் செலவே சராசரியா 14 கிலோவாட். மிச்சம் 7தான் ஆய்வுக்கூடத்துக்கு. அதனால ஒண்ணு போனா அடி வாங்குறது முதல்ல அறிவியல்தான். ஓடம் பிழைச்சுக்கும், உலை எரியாது.

ஆனா இறங்கினதுக்குக் காரணம் அது இல்ல. ஃபூயல் செல்லுக்குள்ள மூணு அடுக்கு, ஒவ்வொண்ணுலயும் 32 சிறு கலம் தொடரா இணைச்சிருக்கும். ஒரு கலம் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவா கொடுக்கும், 32 சேர்ந்தா 28 வோல்ட் சொச்சம். கண்காணிப்புக் கருவி அந்த 32-ஐ 16, 16-ஆ பிரிச்சு ரெண்டு பாதியோட மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். எல்லாக் கலமும் ஒரே மாதிரி கிழடானா வித்தியாசம் வராது. ஒரு கலம் மட்டும் சோர்ந்தா அந்தப் பாதி இறங்கும், வித்தியாசம் மில்லிவோல்ட் கணக்கில ஏற ஆரம்பிக்கும். எஸ்டிஎஸ்-83-ல ரெண்டாவது ஃபூயல் செல்லுல ஏறினது இந்த எண்தான். செல் அப்ப மின்சாரம் கொடுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அதுதான் பலருக்குப் புரியாத இடம். ஓடுற இயந்திரத்தை ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்பாங்க.

கலத்துக்கு ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன், நடுவுல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊறின மெல்லிய தடுப்பு. சோர்ந்த கலத்தில அந்தத் தடுப்பு விட்டுப்போச்சுன்னா ரெண்டு வாயுவும் நேரா கலக்கும். அப்புறம் அது மின்கலம் இல்ல, வெடிகுண்டு. எந்தக் கலம், எவ்வளவு மோசம்னு 32 கலத்தையும் தனித்தனியா பார்க்கிற வசதி மேல கிடையாது. அதனால செல்லை மின்பாதையிலிருந்து கழற்றி, வாயு வால்வை மூடிட்டாங்க. மூடிட்டா அந்தப் பயணத்துக்கு அது முடிஞ்ச கதை.

இனி மிச்சம் ரெண்டு. ரெண்டு போதும், பத்திரமா இறங்கலாம். ஆனா இன்னொண்ணும் போச்சுன்னா ஒத்தைச் செல்லோட, விளக்கு விசிறியெல்லாம் அணைச்சிட்டு இறங்கணும். மூணும் நல்லா இருந்தாத்தான் முழு நாளும் தங்கலாம்னு பறப்பு விதியிலேயே எழுதி வச்சிருந்தாங்க. விதி எழுதுறதே மேல போனதும் ஆசைக்கு இடம் கொடுக்காம இருக்கத்தான். 3 நாள் 23 மணி நேரத்தில தரை.

இறங்கி 84-ஆம் நாள் மறுபடி ஏவினாங்க. ஆய்வுக்கூடத்தைச் சரக்கறையிலிருந்து வெளியே தூக்காமலே, உள்ள போய் எரிபொருள், வாயுக் கலன், மாதிரி எல்லாத்தையும் மாத்தினாங்க. அதுவரைக்கும் அப்படிச் செஞ்சதில்ல.

#3 · தேக்கா_தேநீர்

மின் அண்ணன் சொன்னது சரி. ஆனா ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் ஆள் வேண்டாம்.

2007 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இஸ்ரோவோட எஸ்ஆர்இ-1 கலத்தை எடுத்துக்குங்க. 550 கிலோ. 10-ஆம் தேதி ஏவி, 12 நாள் சுத்தி, 22-ஆம் தேதி வங்கக்கடலில் இறங்கிச்சு. உள்ளே ரெண்டு நுண்ஈர்ப்புச் சோதனை, அதில ஒண்ணு உலை. ஆள் இல்ல. 2024 டிசம்பர் 30-இல் போன பிஎஸ்எல்வி-சி60-இன் கடைசிக் கட்டத்தை அப்படியே ஆய்வுமேடையாக்கி, எட்டுத் தட்டைப்பயறு விதையை நாலு நாளில் முளைக்க வச்சாங்க. அதுக்கும் ஆள் இல்ல.

ஆள் இருந்தா என்ன ஆகும்? மூச்சுக்குக் காற்று, அதை ஓட்ட விசிறி, கழிப்பறைப் பம்பு, உடற்பயிற்சி. நிமிடத்துக்கு 75 சுத்து மிதிச்சா விநாடிக்கு 1.25 தடவை உடம்பு ஆடும், 2.5 தடவை கால் உதைக்கும். ரெண்டும் அதிர்வுமானி வரைபடத்தில் முள்ளு மாதிரி நிக்கும். நுண்ஈர்ப்பு வேணும்னு பல கோடி கொட்டி மேல போய், அங்க ஏழு பேரைக் குதிக்க விடுறது, நூலகத்தில் கோப்பிக்கடை திறந்த கதை.

#4 · நீலச்சுடர்

தேக்கா அண்ணே, பயறு நாலு நாள் எடுத்து நிதானமா முளைக்கும். தீத்துளி 13 விநாடியில் முடிந்துபோகும். அடுத்த துளியின் அளவை முந்தின துளிதான் சொல்லும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

டீச்சர், மாணவர்கள் கணக்குப் போட வசதியாக எண்களோடு தருகிறேன். எரியும் எரிபொருள் துளியின் விட்டத்தின் வர்க்கம் நேரத்தோடு நேர்கோட்டில் குறையும். ஹெப்டேன் காற்றில் எரியும்போது குறையும் வேகம் விநாடிக்குச் சுமார் 0.7 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. துளி 1.4 விநாடியில் தீரும். 3 மி.மீ. துளிக்கு 9-ஐ 0.7-ஆல் வகுத்தால் 13 விநாடி. 5 மி.மீ. என்றால் 36 விநாடி. (பெரிய துளியில் இந்த வேகமே குறைகிறது. துளியைச் சுற்றும் புகைக்கரி உறையும் வெப்பக்கதிர் இழப்பும் சேர்ந்துகொள்கின்றன. அதை அளக்கத்தான் பெரிய துளி வேண்டும்.)

இப்போது தரையில் இருப்பதைப் பாருங்கள். கிளீவ்லாந்தில் நாசாவின் சிறிய விழுகோபுரம் (சோதனைப் பெட்டியை மேலிருந்து விழவிடும் கோபுரம்) 2.2 விநாடி தரும். பக்கத்திலேயே பூமிக்குள் இறங்கும், 132 மீட்டர் விழவிடும் வெற்றிடக் குழாய் 5.18 விநாடி. ஜெர்மனியின் பிரேமன் கோபுரத்தில் மேலிருந்து விட்டால் 4.7, கீழிருந்து எறிந்தால் அதன் இரட்டிப்பு. வளைபாதை விமானம் 20 விநாடி கொடுக்கும், ஆனால் ஈர்ப்பின் நூற்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அந்த அளவிலேயே கட்டின்றி மிதக்கும் துளி ஒரு விநாடியில் 5 செ.மீ. ஓடிவிடும். அதாவது 3 மி.மீ. துளியை முழுதாக எரிந்து முடியும்வரை பார்க்கத் தரையில் இடமே இல்லை. சுற்றுப்பாதையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால், பத்து விநாடியில் நகர்வது அரை மி.மீ.

கொலம்பியாவில் துளியை எப்படி நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எதிரெதிராக இரண்டு வெற்று ஊசி. நுனிகள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்கும்போது எரிபொருளைத் தள்ளுவார்கள். இரண்டு நுனிக்கும் நடுவே துளி பருக்கும். ஊசிகளை முதலில் மெதுவாக விலக்க வேண்டும், துளி இழுபட்டு இருபக்கமும் கழுத்து மெலியும்வரை. பிறகு ஒரே சொடுக்கில் இரண்டையும் பின்னால் இழுக்க வேண்டும். துளி நடுவெளியில் தனியாக நிற்கும். பக்கத்தில் பழுத்துக் கனன்ற இரண்டு கம்பிச்சுருள்கள் தீ மூட்டிவிட்டு அவையும் விலகிவிடும்.

பிழை வரும் இடங்கள்: ஒரு ஊசி இம்மி முந்தினாலும் துளிக்கு ஓட்டம் வந்துவிடும். விநாடிக்கு 5 மி.மீ. போனால் 10 விநாடியில் 5 செ.மீ.; கேமராவின் பார்வையைத் தாண்டியிருக்கும். எரிபொருள் குழாயில் ஒரு குமிழி இருந்தால் துளிக்குள் குமிழி, சூடானதும் துளி தெறிக்கும். ஊசிநுனி ஈரமாக இருந்தால் துளி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு போகும். இவை எதையும் முன்கூட்டியே நிரலில் எழுத முடியாது. பார்த்து, ஊசி விலகும் வேகத்தை ஒரு படி மாற்றி, மறுபடி செய்ய வேண்டும். கையுறைப் பெட்டிக்குள் (கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டி) நடந்த இன்னொரு துளிச்சோதனையில், முடிபோல் மெல்லிய சிலிக்கான் கார்பைடு இழையில் துளியைத் தொங்கவிட்டார்கள். அது முழுக்கக் கைவேலை. குழுவில் இருந்த கிரெக் லின்டெரிஸ் எரிதல் ஆய்வாளர், ரோஜர் க்ரோச் பொருளறிவியலாளர். எஸ்டிஎஸ்-94-இல் எல்லா எரிதல் சோதனையும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட முறை தீ மூட்டினார்கள்.

#5 · ஈசூன்_சுப்பு

தீப்பந்து பத்தி எழுதுங்க லா. அதை விட்டுட்டீங்களே.

#6 · நீலச்சுடர்

அதற்குத் தனிப் பதிவு வேண்டும் சுப்பு.

ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் அது எரியும் எல்லையின் ஓரம். அந்தக் கலவையில் பொறி வைத்தால், ஈர்ப்பு இல்லாதபோது தீ பரவாது. சிறு சிறு கோளமாகப் பிரிந்து, அங்கங்கே அசையாமல் நிற்கும். ஹைட்ரஜன் மூலக்கூறு லேசானது. வெப்பம் வெளியே கசியும் வேகத்தைவிட அது உள்ளே கசியும் வேகம் அதிகம். சுடருக்கு உணவு தானாகவே வந்து சேர்கிறது, ஓட வேண்டியதில்லை. 1944-இல் சோவியத் இயற்பியலாளர் செல்தோவிச் இப்படியொரு நிலை சமன்பாட்டில் உண்டு, ஆனால் நிலைக்காது என்றார். 1984-இல் எரிதல் ஆய்வாளர் பால் ரானி விழுகோபுரச் சோதனையில் கண்டார். நிலைக்காததை நிலைக்க வைப்பது வெப்பக்கதிர் இழப்பு: பந்து பெருத்தால் இழப்பும் பெருகி அதைச் சுருக்கிவிடும்.

2.2 விநாடியில் இது உண்மையிலேயே நிற்கிறதா, சாகும் வழியில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அதனால்தான் சுற்றுப்பாதை. கொலம்பியாவில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 500 விநாடி வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குள் அணைந்துவிடும் அல்லது சுவரில் முட்டும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலானவை வரம்பு முடிந்து கருவியே அணைக்கும்வரை எரிந்தன. ஒரு பந்து வெளியிடும் திறன் ஒரு வாட், சிலவற்றில் அரை வாட். பிறந்தநாள் மெழுகுவத்தி 50 வாட். வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கூடத்தின் விளக்கை அணைத்து, ஒளி பெருக்கும் கேமராவில் பிடித்தார்கள்.

2003-இல் எஸ்டிஎஸ்-107-இல் வரம்பை நீட்டினார்கள். ஒரு பந்து 81 நிமிடம் எரிந்தது. அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கல்பனா சாவ்லா அந்தக் குழுவில் இருந்தார். தீப்பந்துத் தரவில் பெரும்பகுதி பறக்கும்போதே தரைக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் பிழைத்தது. அதே பயணத்தின் செனான் பாகுநிலைச் சோதனைக்கோ (பாகுநிலை: ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்பது), சிதைவுகளில் கிடைத்த கருகிய வன்தட்டிலிருந்து மிச்சத் தரவை மீட்டு 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்.

#7 · தேக்கா_தேநீர்

அருமை. ஆனா அந்தப் பந்துக்கு எதிரி யாருன்னு சொல்லலியே. நான் சொல்றேன்.

ஓடம் தன் நிலையைப் பிடிச்சு வைக்க வெர்னியர்னு ஆறு குட்டி உந்திகள். ஒவ்வொண்ணும் சுமார் 110 நியூட்டன். ஓடம் 110 டன்னுன்னு வச்சா, முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு ஒரு மி.மீ., ஈர்ப்பின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேண்டியது பத்து லட்சத்தில் ஒண்ணு. வந்தது நூறு மடங்கு. ஒரு துடிப்பு 80 மில்லிவிநாடிதான், அதில ஓடம் பெறுற வேகம் விநாடிக்கு 0.08 மி.மீ. நீலச்சுடரோட 13 விநாடித் துளிக்கு அது ஒரு மி.மீ. நகர்வு, பரவாயில்ல. ஆனா துடிப்பு ஒண்ணோட நிக்காதே.

பெரிய உந்தி அடிச்சா 3,870 நியூட்டன். அன்னிக்கு எல்லாச் சோதனையும் அம்பேல்.

அதிர்விலயும் எல்லாம் ஒண்ணு இல்ல. ஓடம் தரையோட பேசுற கேயூ அலைவரிசை ஆன்டெனா விநாடிக்கு 17 தடவை நடுங்கிக்கிட்டே இருக்கும். எல்லாப் பயணத்து வரைபடத்திலயும் அந்தக் கோடு இருக்கும். பார்க்கப் பயமா இருக்கும், ஆனா திரவத்துக்கு அது உறைக்காது. ஒரு பக்கம் போறதுக்குள்ள மறுபக்கம் இழுத்துடும். கெடுக்கிறது மெதுவான தள்ளுதான்: காற்று இழுவை, அப்புறம் ஈர்ப்புச் சரிவு (இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுறது). ஓடத்தோட நிறை மையத்திலிருந்து பூமிப் பக்கமோ வானத்துப் பக்கமோ ஒரு மீட்டர் தள்ளி இருந்தா, 300 கி.மீ. உயரத்தில் 0.4 மைக்ரோ-ஜி (ஒரு மைக்ரோ-ஜின்னா தரை ஈர்ப்பின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மூணு மீட்டர் தள்ளி வச்சா 1.2. படிகம் வளர்க்கிற உலையை எந்த அடுக்கில் வைக்கிறதுன்னு சண்டை போடுவாங்கன்னா இதுக்குத்தான்.

#8 · உலோகன்

தேக்காவின் எண்கள் சரி. டெம்பஸ் உலையைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும்.

டெம்பஸ் ஜெர்மன் கருவி. உலோக உருண்டையை எதையும் தொடாமல் மின்காந்தப் புலத்தில் மிதக்கவிட்டு உருக்குவது. தரையிலும் மிதக்கவிடலாம். ஆனால் எடையைத் தாங்கும் அளவு புலம் கொடுத்தால் அந்தப் புலமே உருண்டையைச் சூடாக்கும், நசுக்கும். குளிர்விக்க வாயுவை ஊத வேண்டும். ஊதினால் உருண்டை ஆடும். மேலே உருண்டையை இடத்தில் நிறுத்த ஒரு சுருள், சூடாக்க வேறொரு சுருள் என்று பிரித்துவிடலாம். சூட்டுச் சுருளை அணைத்தபின் உருண்டை அமைதியாக ஆறும். உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே இருக்கும்.

அந்த நிலையில் அளப்பதுதான் பலன். சூட்டுச் சுருளில் ஒரு சிறு துடிப்பு கொடுத்தால் உருண்டை நீண்டு சுருங்கி அதிரும். 8 மி.மீ. சிர்க்கோனியம் உலோக உருண்டை என்று வைத்தால் உருகிய நிறை 1.7 கிராம் அளவு; பரப்பு இழுவிசை மீட்டருக்கு 1.5 நியூட்டன் என்றால் விநாடிக்கு 28 அதிர்வு. அதிர்வெண் பரப்பு இழுவிசையைச் சொல்லும். அதிர்வு அடங்கும் வேகம் பாகுநிலையைச் சொல்லும். வார்ப்படக் கணிப்பு மென்பொருளில் போடும் எண்கள் இப்படித்தான் வருகின்றன.

கெடுவது எப்படி: ஓடம் ஒரு உந்தியை அடித்தால் உருண்டை போய்த் தாங்கு கூண்டில் ஒட்டும். தொட்ட இடத்திலேயே உறையத் தொடங்கும், சில சமயம் கூண்டோடு பற்றவைத்ததுபோல் ஒட்டிவிடும். உலோக ஆவி கண்ணாடிச் சாளரத்தில் படிந்தால், ஒளியை வைத்து அளக்கும் வெப்பமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் ஆவி குறைவான மாதிரியை முதலில், அழுக்கு மாதிரியைக் கடைசியில் என்று வரிசை போடுவார்கள்.

ஆள் தேவையா என்பதற்கு 1985-ஐப் பாருங்கள். ஏப்ரல் 29-இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் போன ஸ்பேஸ்லேப்-3 ஆய்வுக்கூடம். ஒலி அழுத்தத்தால் திரவத்துளியை மிதக்கவிடும் கருவி தொடங்கியதும் மின்கோளாறில் படுத்துவிட்டது. அதை வடிவமைத்த டெய்லர் வாங் அதே ஓடத்தில் இருந்தார். அடுக்கைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, இரண்டு நாளுக்கு மேல் கம்பி கம்பியாகத் தடம் பிடித்து, மாற்று இணைப்புப் போட்டு ஓட வைத்தார். ஆளில்லாக் கலத்தில் அந்தக் கருவி வெறும் சுமையாகத்தான் திரும்பியிருக்கும்.

#9 · நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். “மேலே ஈர்ப்பே கிடையாது, அதனால் மிதக்கிறார்கள்” என்று அடித்துச் சொல்லி, திருத்தியவரைத் திட்டவும் செய்திருந்தார். 300 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் 91 விழுக்காடு. ஓடமும் உள்ளிருப்பவையும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரியவில்லை. தொடருங்கள்.

#10 · நீலச்சுடர்

தேக்கா அண்ணன் சொன்ன எதிரி உண்மைதான். ஏப்ரல் பயணத்தில் நடந்த சில ஓட்டங்களிலேயே வெர்னியர் அடிக்கும்போதெல்லாம் தீப்பந்து நகர்வது தெரிந்துவிட்டது. பந்து சூடான லேசான வாயு. அறை ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து அதே பக்கம் முந்தி ஓடும், பஸ் வேகமெடுக்கும்போது ஹீலியம் பலூன் முன்னால் சாய்வதுபோல. ஜூலைப் பயணத்தில் அந்த ஓட்டங்களின்போது உந்திகளை நிறுத்தி ஓடத்தைத் தானாக மிதக்க விட்டார்கள். முறிந்த பயணம் கொடுத்த பரிசு என்றே இதைச் சொல்லலாம். ஒரே தடவையில் 16 நாள் போயிருந்தால், இது தெரியவரும்போது பாதி வாயுக்கலவை தீர்ந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வைத்த எரிதல் அடுக்கு பெரும்பாலும் தரையிலிருந்தே இயக்கப்படுகிறது. மேலே இருப்பவர் வாயுக்கலன் மாற்றுவார், எரிபொருள் ஏற்றுவார், தீமூட்டிக் கம்பி தேய்ந்தால் புதிதாகப் போடுவார், கதவைச் சாத்துவார். துளியைத் தரையில் இருப்பவர் விடுவார். ஹெப்டேன் துளி அணைந்துவிட்டது என்று கேமரா காட்டியபிறகும் அளவு சுருங்கிக்கொண்டே போனதை அப்படித்தான் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத குளிர்ச்சுடர், 2012-இல் வெளியானது. அந்தச் சோதனை தேடிப் போனதோ தீயணைப்பு அளவுகளை.

#11 · தேக்கா_தேநீர்

அப்ப ஆள் வேணும், ஆனா கதவு சாத்த. ஒத்துக்கிறேன், வாங் கதையையும் ஒத்துக்கிறேன்.

என் பக்கத்துக்கு ஒண்ணு மட்டும். 1995-இல் எஸ்டிஎஸ்-73-இல் நுண்கோளக் கூழ்மத்தை (திரவத்தில் மிதக்கிற நுண்ணிய உருண்டைகள்) கொண்டுபோனாங்க. தரையில் ஒரு வருஷத்துக்கு மேல வச்சும் கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாம கிடந்த செறிவு, மேல ரெண்டு வாரத்துக்குள்ள படிகமாயிடுச்சு. அதுக்கு யாரும் ஊசி பிடிக்கல. கலக்கி வச்சுட்டு, தொடாம இருந்ததுதான் வேலை. 13 விநாடிச் சோதனைக்கு ஆள், 13 நாள் சோதனைக்கு அமைதி. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025-இல் கொண்டுபோன வெந்தயமும் பச்சைப்பயறும் ரெண்டாவது வகை. தண்ணி ஊத்தி, படம் எடுத்து, குளிர்பெட்டியில் வச்சாப் போதும்.

#12 · ஈசூன்_சுப்பு

டீச்சரோட மூணாவது கேள்வி அப்படியே நிக்குது. நான் எடுத்துக்கிறேன்.

முதல்ல ஒண்ணு: வீவக (சிங்கப்பூர் அரசு வீடமைப்பு) புளோக் மாடியிலிருந்து எதையும் போடக் கூடாது. பஞ்சு சுத்தின பெட்டியா இருந்தாலும், கீழே ஆளை நிறுத்தி வச்சாலும் கூடாது. அது குற்றம், ஆளும் சாவான். பள்ளி மண்டபத்துக்குள்ள, 2 மீட்டர் போதும்.

2 மீட்டர் விழ 0.64 விநாடி. கைபேசியில் விநாடிக்கு 240 படம் வச்சா 153 படம் கிடைக்கும். குறைச்சல் இல்ல.

எல்லாரும் செய்ற தப்பு, ஒரே பெட்டியை விடுறது. 30 செ.மீ. சதுர முகம், 2 கிலோ எடைன்னு வைங்க. 2 மீட்டர் விழுந்து முடியுறப்ப விநாடிக்கு 6.3 மீட்டர் வேகம். காற்று இழுவை 2.2 நியூட்டன், அதாவது உள்ளே ஈர்ப்பின் பத்தில் ஒரு பங்கு திரும்ப வந்துடும். அதனால பெட்டிக்குள்ள பெட்டி. வெளிப்பெட்டி காற்றை வாங்கிக்கும், உள்பெட்டி அதுக்குள்ள அசையாத காற்றில் விழும். கிளீவ்லாந்து 2.2 விநாடிக் கோபுரத்திலயும் இதே ஏற்பாடுதான்.

வெளிப்பெட்டி 40 செ.மீ. அகலம், தடிச்ச நெளி அட்டை, அடியில் ரெண்டு செங்கல் கட்டி மொத்தம் 4 கிலோ. அது காற்றில் பின்தங்கும், உள்பெட்டி முந்தும். 2 மீட்டருக்குக் கணக்குப் போட்டா முந்துற தூரம் 3.4 செ.மீ. அதனால உள்பெட்டி தொங்குறப்ப அடியில் 5 செ.மீ. இடைவெளி இருக்கணும். இல்லாட்டி கடைசி 0.1 விநாடியில் தட்டி எல்லாம் ஆடிடும்.

தொங்கவிடுறது: ஒரே நூல். வெளிப்பெட்டி மூடிக்கு அடியில் குறுக்குக் குச்சி ஒண்ணு, நூல் அதில முடிச்சு. வெளிப்பெட்டி அந்தக் குச்சியில் தொங்கும். அதே நூல் கீழே தொடர்ந்து உள்பெட்டியைப் பிடிக்கும். மேல நூல் அறுந்தா ரெண்டும் ஒரே நொடியில் கிளம்பும். சாதாரண நைலான் தூண்டில் நூல் வேண்டவே வேண்டாம். அது இழுபட்டு நிக்கும், அறுந்ததும் சுருங்கி உள்பெட்டியை மேல இழுத்துடும். பின்னல் நூல் வாங்குங்க. கத்தரியால வெட்டினா ஒரு பக்கம் இழுத்து பெட்டி சுழலும். நிக்ரோம் கம்பியை (மின்சாரம் பாய்ஞ்சா பழுக்கிற கம்பி) நூல் மேல ஒரு சுத்து சுத்தி, பேட்டரி கொடுத்து உருக்கி அறுக்கிறது சுத்தம்.

கீழே 30 செ.மீ. ஃபோம். அது 20 செ.மீ. அமுங்கினா சராசரி 10 ஜி, அதாவது ஈர்ப்பைப்போல 10 மடங்கு, கைபேசி தாங்கும். 5 செ.மீ. மெத்தையில் போட்டா 40 ஜி, கண்ணாடி போயிடும்.

மெழுகுவத்தின்னா கனமான கண்ணாடிக் குவளைக்குள்ள பிறந்தநாள் வத்தி ஒண்ணு, மண்ணில் நட்டு. கேமரா ஃபோகஸையும் ஒளி அளவையும் பூட்டி வைங்க. தானியங்கியில் விட்டா சுடர் மங்கின உடனே அது ஒளியைக் கூட்டிக் காட்டி ஏமாத்தும். 0.64 விநாடியில் முழுக் கோளம் வராது. நுனி குட்டையாகி உருண்டு, மஞ்சள் குறைஞ்சு, அடி நீலம் மேல ஏறுறது தெரியும். அது போதும்.

#13 · பொங்கோல்_ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. மண்டபத்தில் தீ வைக்க அனுமதி கிடைப்பது கடினம். தீயில்லாமல் எதைக் காட்டலாம்? மேடை விதானக் குழாயிலிருந்து விட்டால் 3 மீட்டர் கிடைக்கும்; 5 செ.மீ. இடைவெளி அப்போதும் போதுமா?

#14 · ஜூரோங்மின்

தீயில்லாம: அடியில் ஓட்டை போட்ட நெகிழிக் குவளை, சாயம் கலந்த தண்ணி. தொங்குறப்ப ஒழுகும், விழுறப்ப ஒழுக்கு நிக்கும். கீழே தண்ணி பிடிக்க ஸ்பாஞ்சு வைங்க, கைபேசிக்கு நெகிழிப் பை. இன்னொண்ணு, பாதி எண்ணெய், பாதி சாயத்தண்ணி ஊத்தின சீசா. ஓரத்தில் தண்ணி கண்ணாடியைப் பிடிச்சு ஏறத் தொடங்கும். கைபேசி முடுக்கமானியைப் பதிவு பண்ற செயலி ஒண்ணை, பைஃபாக்ஸ் மாதிரி, இன்னொரு கைபேசியில் ஓடவிட்டா உள்பெட்டிக்குள்ள மிச்ச ஈர்ப்பு எவ்வளவுன்னு வரைபடமே வந்துடும். பெட்டியை விடுறதுக்கு முன்னாடி பத்து விநாடி சும்மா தொங்கவிட்டுப் பதிவு பண்ணுங்க. அந்த மட்டத்தை வச்சுத்தான் சுழியைத் திருத்தணும்.

#15 · ஈசூன்_சுப்பு

3 மீட்டருக்கு 5 செ.மீ. பத்தாது டீச்சர். முந்துற தூரம் உயரத்தோட வர்க்கமா ஏறும். 2 மீட்டருக்கு 3.4, அப்ப 3 மீட்டருக்கு 2.25 மடங்கு, 7.7 செ.மீ. 10 விடுங்க. வெளிப்பெட்டி அடியில் செங்கல் ரெண்டுக்குப் பதிலா நாலு கட்டினா எடை கூடி இந்தத் தூரம் குறையும், ஆனா ஃபோம் இன்னும் தடியா வேணும், நூலையும் தடிச்சதா மாத்துங்க. விதானக் குழாய் எவ்வளவு எடை தாங்கும்னு பள்ளிப் பராமரிப்பு அண்ணன்கிட்ட கேட்டுட்டுக் கட்டுங்க.